ஐந்தாம் மாடியில் சொன்னது

அந்த ஓட்டலில் லிஃப்ட் நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் தூதர் அதில் கால் வைப்பதில்லை. மூன்றாம் மாடி முழுக்க அரசாங்கத் தரப்பு, ஐந்தாம் மாடி முழுக்கப் போராளிகள் தரப்பு, நடுவில் நாலாம் மாடி பூட்டிக் கிடந்தது. லிஃப்டுக்குள் இரண்டு தரப்பு ஆட்களும் தப்பித்தவறி முகத்தோடு முகம் பார்த்துத் தொலைத்தால் அதற்கு ஒரு கண்டன அறிக்கை வரும், அந்த அறிக்கைக்கு ஒரு மறுப்பு வரும், ஒரு வாரம் அதிலேயே போய்விடும். முன்பக்க லிஃப்டை அரசாங்கத்துக்கும் பின்பக்கத்துச் சாமான் லிஃப்டைப் போராளிகளுக்கும் கொடுத்தபோது போராளிகள் கொதித்தார்கள். மாற்றிக் கொடுத்தபோது அரசாங்கம் கொதித்தது. கடைசியில் நாள் விட்டு நாள் மாற்றிக்கொள்வது என்று முடிவானது. இத்தனை மாதப் பேச்சுவார்த்தையில் இரண்டு தரப்பும் மனமொத்துச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

நடுவராக வந்த தூதருக்கு மாடிப்படி. எழுபதை எட்டிக்கொண்டிருந்த முழங்கால்களுக்கு அது தண்டனைதான், ஆனால் அவர் அதை விரும்பினார். ஒரே அறையில் உட்கார மாட்டோம் என்று இரண்டு தரப்பும் வீம்பு பிடித்ததால் இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் கொண்டுபோவதுதான் அவர் வேலை. காகிதம் கூடாது. காகிதத்தில் ஏறியது எதுவும் மறுநாள் பத்திரிகையில் ஏறிவிடும். வாயால் வாங்கி வாயால் கொடுக்க வேண்டும், வாங்கினதற்கும் கொடுப்பதற்கும் நடுவில் இரண்டு மாடிப் படிகள் இருந்தன. பூட்டிய நாலாம் மாடிக் கதவுக்கு எதிரில் அவர் ஒரு நிமிஷம் நிற்பார். கிழவர் மூச்சு வாங்குகிறார் என்று காவலாளிகள் நினைத்துக்கொண்டார்கள். அவர் கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டு, கையில் இருக்கிற சொல்லைப் பக்குவப்படுத்திக்கொண்டிருப்பார்.

மூன்றாம் மாடியின் தலைவர் ஒரு அமைச்சர். தொட்டதற்கெல்லாம் கோபம் வரும், வந்தால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார். ஏற்கெனவே இரண்டு முறை விமான நிலையம் வரை போனவரைத் தூதர்தான் கையைக் காலைப் பிடிக்காத குறையாகத் திருப்பி அழைத்து வந்தார். ஐந்தாம் மாடித் தலைவர் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர், அதனால் எல்லோருக்கும் அவர் வாத்தியார். குரலை உயர்த்தாமல் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவார். அமைச்சர் கீழே “அந்தக் காட்டுப் பயல்கள்” என்று ஆரம்பித்துச் சொன்னது மேலே போய்ச் சேரும்போது “அமைச்சருக்கு உங்கள் கவலை புரிகிறது” என்று ஆகியிருக்கும். வாத்தியார் மேலே “திருட்டு அரசாங்கம்” என்றது கீழே வரும்போது “நம்பிக்கை வளரக் கொஞ்சம் காலம் வேண்டும்” என்று ஆகியிருக்கும். இப்படிப் பூசி மெழுகித்தான் தூதர் வேறொரு நாட்டில் ஒரு போரை நிறுத்தியிருந்தார். அதற்கு ஒரு பதக்கம்கூட உண்டு.

இந்த வித்தை அவர் படித்து வாங்கியதில்லை, அப்பா விட்டுப்போன சொத்து. அவருடைய நாட்டையும் இந்தச் சண்டை நடக்கிற நாட்டையும் ஒரு காலத்தில் ஒரே வெள்ளைக்கார அரசு ஆண்டது. அப்பா ஒரு துரையிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். மனு கொடுக்க வந்த ஜனங்களைப் பார்த்துத் துரை, “இந்தப் பன்றிகளை வெளியே தள்ளு” என்பார். அப்பா ஜனங்களிடம் திரும்பி, துரைக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லை, நாளைக்கு வரச் சொல்கிறார் என்பார். ஜனங்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். யாருக்கும் அடி விழாது, யாருக்கும் மனசு நோகாது. அப்படி ஒரு தங்கமான மனுஷன் உண்டா என்று ஊரே மெச்சியது. துரையும் மெச்சினார். யார் யாரை எதற்காக மெச்சினார்கள் என்று கேட்க அங்கே ஒருத்திதான் இருந்தாள், தூதரின் அக்கா.

அவர்கள் போன தேவாலயத்தில் முன்வரிசை நாற்காலிகள் வெள்ளைக்காரர்களுக்கு, மற்றவர்களுக்குப் பின்னால் தரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு வயது அக்கா விறுவிறுவென்று நடந்துபோய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து நாற்காலித் துரைசானி மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னது கடைசித் தூண் வரைக்கும் கேட்டது. அப்பா குனிந்தபடியே ஓடிவந்தார். அந்த நாற்காலிக்குக் கால் ஆடுகிறதாம், நீ விழுந்துவிடுவாயோ என்று துரைசானியம்மா பயப்படுகிறார்கள், எழுந்து வா என்றார்.

“என்கிட்ட நாத்தம் அடிக்குதுன்னு சொன்னாங்கப்பா. எனக்கும் அவங்க பாஷை தெரியும்” என்றாள் அக்கா.

அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எட்டு வயதுத் தம்பி தரையில் உட்கார்ந்து இரண்டையும் பார்த்தான். அக்கா பக்கம் போகிறவனுக்கு அடி கிடைக்கும், அப்பா பக்கம் போகிறவனுக்கு எல்லோருடைய அன்பும் கிடைக்கும் என்று அவனுக்குப் புரிந்தது. சின்னப் பையன், எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டான். வளர்ந்த பிறகாவது மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை.

இத்தனைக்கும் இருவருமே ஆண்டவரை விடவில்லை. உங்களைப் பின்னால் உட்காரவைத்த சாமியைத்தானே கும்பிடுகிறாய் என்று நண்பர்கள் சீண்டினால், உட்காரவைத்தது ஆண்டவர் இல்லை, நாற்காலி போட்டவன் என்று தூதர் சிரித்துக்கொண்டே சொல்வார். அவருடைய முதல் வெளிநாட்டு விருந்தில் ஒரு வெள்ளைக்காரப் பிரமுகர் உள்ளே நுழைந்ததும் கோட்டைக் கழற்றி இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இவர் அதை மடிப்புக் கலையாமல் ஆணியில் மாட்டிவிட்டு வந்து, பிறகுதான் தான் தூதரகச் செயலர் என்று அறிமுகம் செய்துகொண்டார். இந்தக் கதையை அவர் முப்பது வருஷமாக வேடிக்கையாகச் சொல்லிவந்தார். அக்காவிடம் சொன்னபோது மட்டும் அவள் சிரிக்கவில்லை. கோட்டைத் தரையில் போட உனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்டாள். தோன்றியது என்பதை அவர் சொல்லவில்லை.

அக்கா கன்னியாஸ்திரீயானாள், நர்ஸானாள். அவளுடைய சபை எங்கெங்கோ அனுப்பி, கடைசியில் இந்தச் சண்டைக்கு நடுவில் இருக்கிற ஆற்றங்கரை நகரத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டது. நகரம் அரசாங்கத்தின் கையில், சுற்றிலும் போராளிகள், இருந்த ஒரே சாலையும் அடைபட்டுவிட்டது. மருந்து உள்ளே போகவில்லை, நோயாளிகள் வெளியே வரவில்லை. அந்தச் சாலையைத் திறக்கத்தான் இந்த இரண்டு மாடிப் பேச்சும். தூதரின் உடன்பிறந்தவள் அங்கே இருக்கிறாள் என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் நடுவர் பதவியிலிருந்து நீக்கிவிடுவார்கள், அதோடு இரண்டு தரப்பும் அவளைப் பகடைக்காயாக்கிவிடும். காதும் காதும் வைத்தாற்போல் மறைத்துவைத்திருந்தார். வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரியின் செயற்கைக்கோள் ஃபோனில் அவளோடு இரண்டு நிமிஷம் பேசுவார்.

ஒரு வியாழக்கிழமை காலை அமைச்சர் தன் பிடிவாதத்திலிருந்து இறங்கிவந்தார். சாலையைத் திறக்கக் கொள்கையளவில் சம்மதம், தலைநகரிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் திங்கட்கிழமை கையெழுத்து என்றார். தூதருக்குக் கால் தரையில் பாவவில்லை. மேலே ஓடினார். வாத்தியார் அந்தச் செய்தியை முழுக்கக் கேட்டுவிட்டு, மேஜையில் இருந்த பென்சிலை நேராக்கி வைத்தார்.

“சாலை நல்ல விஷயம்தான். ஆனா ஆஸ்பத்திரிக்குப் பின்னாடியே பீரங்கிகளை நிறுத்தி எங்க ஆளுங்களைச் சுட்டுக்கிட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுப்போம். அதுக்குள்ள எடுக்கலைன்னா ஆஸ்பத்திரின்னு பாக்க மாட்டோம். இதை அப்படியே சொல்லுங்க ஐயா.”

தூதர் தலையாட்டிவிட்டு இறங்கினார். நாலாம் மாடிக் கதவுக்கு எதிரில் நின்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

இதை அப்படியே சொன்னால் அமைச்சர் பெட்டியைக் கட்டிவிடுவார், சந்தேகமே இல்லை. கெடு வைக்கிறார்களா என்று குதித்து முன்பும் இப்படித்தான் கிளம்பினார். கிளம்பினால் சாலை போயிற்று, திங்கட்கிழமை போயிற்று. வாத்தியார் இதற்கு முன்னாலும் பலமுறை கெடு வைத்திருக்கிறார், ஒன்றும் நடந்ததில்லை. இதெல்லாம் சரியான காரணங்கள்தான். ஆனால் இவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதுதான் அவரை உண்மையில் அழுத்தியது. ஆஸ்பத்திரியை அடிப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தால் தன் குரல் நடுங்கிவிடும், அக்காவுக்காகப் பதறுகிறேன் என்பது வெளியே தெரிந்துவிடும் என்று பயந்தார். ஐம்பது வருஷமாக ஒரு தரப்பும் குறை சொல்ல முடியாத மனிதராக இருந்தவருக்கு அந்தப் பெருமை பெரிதாக இருந்தது. அவர் ஜெபம் செய்தார். நல்ல மனசோடுதான் செய்தார்.

பிறகு அமைச்சரிடம் போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பீரங்கி இருப்பது அவர்களுக்கு வருத்தமாக இருக்கிறது, முடிந்தால் கொஞ்சம் தள்ளி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள் என்றார். அமைச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, பார்க்கலாம் என்றார். தூதர் மறுபடி ஏறிப்போய், அமைச்சர் பரிசீலிப்பதாகச் சொன்னார் என்று வாத்தியாரிடம் சொன்னார். இரண்டு மாடியிலும் அன்றைக்கு ஒருவரும் கோபப்படவில்லை. இதைவிடச் சுமுகமான நாளே அந்த ஓட்டலில் வந்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா பேசினாள். எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்தாள். பின்பக்கத்துப் பீரங்கி சுடும்போதெல்லாம் கட்டடம் அதிர்கிறது, நேற்று ஒரு கூரை ஓடு பிரசவ வார்டில் விழுந்தது, மயக்க மருந்து தீர்ந்துவிட்டது என்றாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் காலியாக இருக்கிறதாம். நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போக ஆட்கள் தயார், ஆனால் வழியிலேயே நாலைந்து பேர் தாங்கமாட்டார்கள்.

“எல்லாம் நல்லபடியாப் போய்க்கிட்டிருக்கு அக்கா. திங்கக்கிழமை சாலை திறந்துடும்” என்றார் தூதர்.

“அப்பா மாதிரியே பேசாதே. நான் கேக்கறது ஒண்ணுதான். இவங்களை இன்னிக்கே தூக்கிக்கிட்டுப் போகணுமா, வேணாமா?”

அறைகளில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது நடுவரின் சத்தியம். அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டார். இரண்டு நாள் பொறுத்தால் ஆம்புலன்ஸ் வரும், வீணாக வழியில் நாலைந்து உயிரைப் பறிகொடுப்பானேன் என்பதையும் நினைத்தார். சொல்லியிருந்தால் ஒரே ஒரு வாக்கியம். அதை அவருடைய வாய் பழக்கத்தில் வேறாக்கிவிட்டது.

“வேண்டாம் அக்கா. இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம்.”

அவள் தம்பியை அரைகுறையாகத்தான் நம்புகிறவள், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நம்பினாள். சரி, நீ சொன்னால் சரி என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தூதர் ஓட்டல் இருந்த நகரத்துத் தேவாலயத்துக்குப் போனார். இப்போதெல்லாம் யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். அவர் நடுவரிசையில் உட்கார்ந்தார், வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு வேறு வரிசைக்குப் போனார்கள். அந்த நீள பெஞ்சில் கடைசி வரை அவர் மட்டும் இருந்தார். அதையும் அவர் நல்லவிதமாக எடுத்துக்கொண்டார், முழங்காலை நீட்டிக்கொள்ள வசதியாக இருந்தது என்று. அன்று இரவு வரை குண்டு எதுவும் விழவில்லை என்று செய்தி வந்தது. நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை காப்பி வந்தபோது கூடவே பேச்சுவார்த்தைச் செயலரும் வந்தார். ஓட்டலைக் கொடுத்துப் பேச்சுவார்த்தையை நடத்துகிற வெள்ளைக்கார நாட்டின் அதிகாரி அவர், இரண்டு நாட்டையும் ஒரு காலத்தில் ஆண்ட அதே அரசின் இன்றைய வாரிசு, சிவந்த முகம், அருமையான பழக்கவழக்கம். விடியற்காலையில் ஆஸ்பத்திரி தரைமட்டமாகிவிட்டது என்றார். நோயாளிகளில் பெரும்பாலோர் போய்விட்டார்கள், ஊழியர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை, வயதான ஒரு கன்னியாஸ்திரீ பிரசவ வார்டின் வாசலில் கிடந்தார் என்றார். தூதர் காப்பிக் கோப்பையைத் தட்டில் வைத்தார். வேறொன்றும் செய்யவில்லை. செயலர் போன பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். அக்கா, அக்கா என்றே அழுதார்.

பத்து மணிக்குள் இரண்டு மாடியும் பற்றி எரிந்தது. ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் ஆஸ்பத்திரியை அடித்த கொலைகாரர்கள் என்று அமைச்சர் பத்திரிகைக்காரர்களிடம் முழங்கினார். நாங்கள் வியாழக்கிழமையே எச்சரித்தோம், வேண்டுமானால் தூதரைக் கேளுங்கள் என்று வாத்தியார் அறிக்கை விட்டார். தூதர் மழுப்பியிருக்கலாம். சொன்னேன், அமைச்சர் மறந்திருப்பார் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் யார் நிரூபிப்பது, காகிதமா இருக்கிறது? அவர் மூன்றாம் மாடிக்குப் போய், வாத்தியார் சொன்னதை இப்போதுதான் அப்படியே சொன்னார். வியாழக்கிழமை அதை எப்படி மாற்றிச் சொல்லியிருந்தார் என்பதையும் சொன்னார்.

அமைச்சரின் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, ஆறுதல். பழி தன் தலையை விட்டு இறங்குவதை அந்த மனிதரால் மறைக்க முடியவில்லை.

“அன்னிக்கே சொல்லியிருந்தா பீரங்கியை எடுத்திருப்பீங்களா?” என்று தூதர் கேட்டார்.

“அதை இப்ப யார் சொல்ல முடியும்?” என்றார் அமைச்சர்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் தூதர் தன்னையே சபித்துக்கொண்டு கிடந்திருப்பார். இல்லை என்று சொல்லியிருந்தால் ஒரு துளி ஆறுதலாவது மிஞ்சியிருக்கும். இரண்டும் கிடைக்கவில்லை.

ஐந்தாம் மாடியில் வாத்தியார் அவரை உட்காரச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி என்று தெரிந்தும் அடித்தவர் அவர்தான், அதற்கு அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. தவறான விடை எழுதிய பையனைப் பார்ப்பதுபோல் மட்டும் பார்த்தார். “நீங்க சொல்லலைன்னா அவங்களைக் கொன்னது பாதி நீங்கதான்” என்றார். மீதிப் பாதியைப் பற்றிப் பேசவில்லை.

செயலர்தான் கடைசியில் ஆறுதல் சொல்ல வந்தார். நிஜமாகவே ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தூதரின் தோளில் கைவைத்து, நீங்கள் உங்களை ரொம்ப வருத்திக்கொள்ளக் கூடாது என்றார். “உங்க ஜனங்களுக்கு எதையும் நேரடியாச் சொல்ற பழக்கம் கிடையாது, எங்களுக்குத் தெரியும். இவ்வளவு பெரிய பொறுப்பை உங்ககிட்ட விட்டது எங்க தப்பு.” தூதருக்கு உள்ளே ஏதோ திகுதிகுவென்று எழுந்தது. யாருக்குப் பயந்து என் அப்பன் அந்தப் பழக்கத்தைக் கற்றான் என்று அந்தச் சிவந்த முகத்தில் அறைந்தாற்போல் கேட்க வேண்டும். ஆனால் கேட்டால் தன் குற்றத்தைத் தூக்கி அப்பா தலையிலும் துரை தலையிலும் போடுவதாக ஆகிவிடும். செத்தவர்களை அவருடைய சொல்தான் கட்டிலிலேயே இருக்கவைத்தது. அவர் செய்த பாவம்கூட அவருடையதாக இல்லாமல், அவருடைய ஜனங்களின் பழக்கமாகிப் போனது. நன்றி என்றார்.

பிற்பகலில் ஒரு அதிசயம் நடந்தது. இரண்டு தரப்பும் கூட்டறிக்கை விட ஒப்புக்கொண்டன. நடந்த துயரத்துக்கு நடுவரே காரணம், இருவரும் அவர் மேல் நம்பிக்கை இழந்துவிட்டோம் என்று. இரண்டு பேருக்கும் அதுதான் சௌகரியம். அறிக்கையின் வாசகத்தை இரண்டு மாடிக்கும் நடுவில் கொண்டுபோய்க் கொண்டுவர வேறு ஆள் இல்லை, நியமனம் முடியும் வரை அது அவர் வேலை. அமைச்சர் தரப்பு, கவனக்குறைவு என்று போடலாம் என்றது. தூதர் படியேறிப் போய்ச் சொன்னார். வாத்தியார் கேட்டுவிட்டுச் சிரித்தார், ஒரு பதில் சொன்னார். தூதர் இறங்கினார். நாலாம் மாடியில் நிற்கவில்லை.

“கவனக்குறைவாம், அந்தக் கிழவன் வாயில வெல்லத்தைக் கட்டிக்கிட்டு ஊரையே கொன்னவன், கடமை தவறினான்னு போடுங்க, இல்லாட்டி கையெழுத்து இல்லன்னு சொல்லச் சொன்னார்” என்று அமைச்சரிடம் சொன்னார். ஒரு எழுத்துக்கூடக் குறைக்கவில்லை.

அமைச்சர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை மாதத்தில் தூதர் வாயிலிருந்து அப்படி ஒன்றை அவர் கேட்டதில்லை. பிறகு, சரி, அப்படியே போடுங்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறிக்கை கையெழுத்தானது. மூன்றாம் மாடிக்காரர்களும் ஐந்தாம் மாடிக்காரர்களும் சாயங்காலத்துக்குள் காலி செய்தார்கள். சாலையைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

தூதர் தன் அறையில் பெட்டியைக் கட்டி முடித்தார். சன்னல் வழியாக வந்த கடைசி வெயில் கட்டில் விரிப்பின் மேல் கிடந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முழங்காலிட்டார். சனிக்கிழமை ஃபோனில் சொன்னதை அவர் மூன்றாம் மாடியிலும் சொல்லவில்லை, ஐந்தாம் மாடியிலும் சொல்லவில்லை. அதைச் சொல்ல இந்த ஓரிடம்தான் மிச்சம்.

“ஆண்டவரே, என் அக்காவை உம்முடைய இளைப்பாறுதலில் சேர்த்துக்கொண்டீரே” என்று ஆரம்பித்தார். உடனே நின்றார். மறுபடி ஆரம்பித்தார். நடக்கக் கூடாதது நடந்துபோய்விட்டது என்று வந்தது. அதையும் நிறுத்தினார். அக்கா கேட்டாள், நான் வேண்டாம் என்றேன். அவ்வளவுதான் வாக்கியம், ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். அவர் வாயைத் திறந்தார். அடியேனின் பலவீனத்தை மன்னியும் என்று வந்தது. மறுபடி திறந்தார். உம்முடைய சித்தம் என்று வந்தது. எத்தனை முறை திறந்தாலும் அப்பாவின் குரலில் இதமாக, பணிவாக, யாருக்கும் நோகாமல் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது.

மேஜையில் ஃபோன் அடித்தது. டாக்சி வந்துவிட்டதாகக் கீழேயிருந்து சொன்னார்கள். அவர் கட்டிலைப் பிடித்து எழுந்து, சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும், இதோ வருகிறேன் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.